வேலரண்ட் ஆடத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலரண்ட் என்னும் கணினிச் சுடும் ஆட்டத்துக்கு வரும் புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வேலை சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. ஆட்கள் மாறுகிறார்களே தவிர, ஐயங்கள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வேலரண்டிலிருந்து வருகின்றன. அதே வகை ஆட்டமான கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 வேறுபடும் இடங்களில் அதையும் குறித்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இது என்ன மாதிரி கேம்? எதிரில் வர்றவனைச் சுட்டா போதாதா?

ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் ஆடும் ஆட்டம் இது. தாக்கும் அணி ஸ்பைக் எனப்படும் வெடிகுண்டைச் சுமந்து சென்று, மேப்பில் (ஆட்டக் களத்தில்) 'சைட்' என்று குறிக்கப்பட்ட இடங்களில் ஒன்றில் வைத்து வெடிக்கச் செய்ய வேண்டும். காக்கும் அணி அதைத் தடுக்க வேண்டும். ஒரு ரவுண்டுக்கு 100 வினாடி. ஸ்பைக்கை வைக்க 4 வினாடி, வைத்தபின் வெடிக்க 45 வினாடி, அதைச் செயலிழக்கச் செய்ய 7 வினாடி. பன்னிரண்டு ரவுண்டுகளுக்குப் பின் அணிகள் பக்கம் மாறும். முதலில் 13 ரவுண்டு வெல்லும் அணிக்கு வெற்றி. இறந்துவிட்டால் அந்த ரவுண்டு முடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த வடிவம் வேலரண்டின் கண்டுபிடிப்பு அன்று. 1999-இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் ஆர்வலர்கள் கட்டிய கவுன்ட்டர் ஸ்ட்ரைக்தான் இதன் மூலம். 2020 ஜூனில் வெளிவந்த வேலரண்ட் அதன்மேல் ஏஜென்ட் எனப்படும் கதாபாத்திரங்களையும் அவர்களுடைய தனித்திறன்களையும் சேர்த்தது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-இல் குண்டு 40 வினாடியில் வெடிக்கும்; செயலிழக்கச் செய்ய 10 வினாடி, அதற்கான கிட் கையில் இருந்தால் 5 வினாடி. இரண்டிலும் கணக்கு ஒன்றே: குண்டு வெடித்துவிட்டால், எதிரணியின் ஐந்து பேரும் உயிரோடு நின்றாலும் ரவுண்டு உங்களுடையது. சுடுவது அதற்கான வழிகளுள் ஒன்று, அவ்வளவே.

மொபைல்ல பேட்டில் ராயல் நல்லா ஆடுவேன். இங்க வந்தா ஒரு குண்டுகூட படமாட்டேங்குது. ஏன்?

ஓடிக்கொண்டே சுடுகிறீர்கள். இதைக் கேட்ட பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நான் பார்த்த காரணம் இதுதான். இவ்வகை ஆட்டங்களில் ரைஃபிளால் ஓடியபடி சுட்டால், கிராஸ்ஹேர் (திரையின் நடுவில் குறிவைக்க உதவும் அடையாளம்) எதிரியின் நெற்றியிலேயே இருந்தாலும் குண்டு அங்கே போகாது. அதைச் சுற்றியுள்ள பெரிய வட்டத்துக்குள் எங்காவது போகும். நின்று சுடும்போது முதல் குண்டு ஏறக்குறையக் குறித்த இடத்திலேயே விழும். குதித்தபடி சுடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கே சண்டை மிகச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முழு ஷீல்டு (கவசம்) போட்டவரின் மொத்த வலு 150. வாண்டல் துப்பாக்கியின் ஒரு ஹெட்ஷாட் (தலையில் படும் குண்டு) அதில் 160-ஐக் குறைக்கும். ஆகவே அடி வாங்கிய பிறகு ஓடி ஒளிந்து, மருந்து போட்டுக்கொண்டு திரும்பி வரும் பழக்கத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை.

நின்னு சுடணும்னா, நிக்கிறவன் ஈஸியா செத்துடமாட்டானா?

நிற்க வேண்டியது சுடும் அந்தக் கணத்தில் மட்டும். நகர், நில், இரண்டு மூன்று குண்டு, மறுபடி நகர் என்பதே தாளம். வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்போது 'டி' விசையை விட்டுவிட்டு, எதிர்த்திசைக்கான 'ஏ' விசையை ஒரு தட்டுத் தட்டினால் உடல் சட்டென்று நின்றுவிடும். அந்தக் கணத்தில் சுட வேண்டும். இதைக் கவுன்ட்டர் ஸ்ட்ரேஃப் என்பார்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் இது இல்லாமல் பிழைக்க முடியாது. வேலரண்டில் விசையை விட்டாலே விரைவில் நின்றுவிடும் என்றாலும், பழக்கமாக இருப்பது நல்லது.

பயிற்சிக் களத்தில் ஒரு பொம்மைக்கு எதிரே நின்று, இடப்புறம் ஓரடி, ஒரு குண்டு, வலப்புறம் ஓரடி, ஒரு குண்டு என்று பத்து நிமிடம் செய்து பாருங்கள். முதல் இரண்டு நாள் விரல்கள் முரண்டு பிடிக்கும். நின்ற பிறகு சுடுகிறீர்களா, சுட்ட பிறகு நிற்கிறீர்களா என்பதைச் சுவரில் பதியும் குண்டுத் தடம் காட்டிக்கொடுத்துவிடும்: தலையைச் சுற்றிச் சிதறியிருந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

சென்சிட்டிவிட்டி எவ்வளவு வைக்கிறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மவுஸின் டிபிஐ எண்ணை (ஓர் அங்குல நகர்வுக்கு மவுஸ் அனுப்பும் புள்ளிகள்) ஆட்டத்தில் வைத்த சென்சிட்டிவிட்டியால் (பார்வை திரும்பும் வேகம்) பெருக்கினால் வருவதுதான் ஒப்பிடத்தக்க எண்; அதை இ-டிபிஐ என்பார்கள். 800 டிபிஐயும் 0.35 சென்சிட்டிவிட்டியும் வைத்திருந்தால் 280. வேலரண்டின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் 200-க்கும் 400-க்கும் இடையில்தான் இருக்கிறார்கள். 280 என்றால், முழு வட்டம் திரும்ப மவுஸை ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். புதியவர்களிடம் நான் காணும் எண் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். மணிக்கட்டு சற்று அசைந்தாலே கிராஸ்ஹேர் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

குறைத்த முதல் வாரம் தோள் வலிக்கும், பின்னால் வருபவனை நோக்கித் திரும்ப முடியவில்லை என்று தோன்றும். முழங்கையையும் சேர்த்து நகர்த்தப் பழகுங்கள். அதற்கு அகலமான மவுஸ் பேடு வேண்டும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கிலிருந்து வருபவர்கள் அங்கே வைத்திருந்த சென்சிட்டிவிட்டியை 3.18-ஆல் வகுத்துக்கொண்டால் கை அறிந்த அதே வேகம் கிடைக்கும். எண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகு ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் மாற்றுகிறவருடைய கைக்கு எந்த எண்ணும் பழகாது.

என் கம்ப்யூட்டர் சுமார்தான், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். இதை வச்சு ராங்க் ஏற முடியுமா?

முடியும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி வினாடி; 144 ஹெர்ட்ஸில் 6.9. வேறுபாடு கண்ணுக்குத் தெரியும், பயனும் உண்டு. ஆனால் தொடக்கநிலையில் உங்களைக் கொல்வது அந்தப் பத்து மில்லி வினாடி அன்று. கிராஃபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்து வையுங்கள், வைஃபைக்குப் பதில் கேபிள் இணைப்பைப் பயன்படுத்துங்கள், மவுஸின் ஆக்சிலரேஷனை அணைத்துவிடுங்கள். மானிட்டர் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எய்ம் எப்படி வளர்க்கிறது? தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி எடுக்கணும்?

கேள்வியையே சற்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கண் ஒன்றைக் கண்டு விரல் அழுத்துவதற்கு எப்படியும் ஐந்தில் ஒரு வினாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. அதைப் பயிற்சியால் பெரிதாகக் குறைக்க முடியாது. கிராஸ்ஹேர் எவ்வளவு தூரம் பயணப்பட வேண்டும் என்பதைத்தான் குறைக்க முடியும். எதிரி தோன்றும் இடத்தில், அவனுடைய தலை வரும் உயரத்தில், அவன் வருவதற்கு முன்பே கிராஸ்ஹேரை வைத்திருந்தால் சுடுவது ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். நல்ல எய்ம் என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி இதுதான்.

புதியவரின் திரையைப் பார்த்தால் கிராஸ்ஹேர் தரையில் இருக்கும். தெருவில் நடக்கும்போது கீழே பார்த்து நடக்கும் பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. எதிரி வந்ததும் தரையிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து தலைக்கு என்று இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் கதை முடிந்துவிடும். வெற்றுத் தனி ஆட்டம் ஒன்றைத் திறந்து மேப்பில் மெதுவாக நடந்து பாருங்கள். பெட்டியின் மேல்விளிம்பு, கதவுச் சட்டத்தின் குறுக்குக்கோடு, சுவரில் பெயிண்ட் மாறும் இடம் என்று தலையின் உயரத்தைக் காட்டும் அடையாளங்கள் ஒவ்வொரு மூலையிலும் கிடைக்கும். படிக்கட்டிலும் சரிவிலும் மட்டும் அந்த உயரம் மாறும். மேலே நிற்பவனுக்காகக் கிராஸ்ஹேரை உயர்த்த மறப்பவர்கள் நிறைய.

கிராஸ்ஹேரைச் சுவரின் விளிம்பில் ஒட்டி வைப்பதும் பிழையே. எதிரி விளிம்பில் வந்து நிற்கமாட்டான். ஓடிவந்து ஓரடி தாண்டித்தான் நிற்பான். ஆகவே விளிம்பிலிருந்து ஓர் ஆள் அகலம் இடைவெளி விடுங்கள். நேரக் கணக்கு வேண்டுமென்றால்: களத்தில் பதினைந்து நிமிடம், அணியில்லாமல் ஆளாளுக்குச் சுட்டுக்கொள்ளும் டெத்மேட்சில் ஒன்றிரண்டு ஆட்டம். டெத்மேட்சில் 40 கில் (வீழ்த்தல்) எடுத்து முதலிடம் வருவதை மறந்துவிட்டு, கிராஸ்ஹேர் தலை உயரத்திலேயே இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

அழுத்திப் பிடிச்சா துப்பாக்கி மேல ஏறுதே, அதை எப்படி அடக்குறது?

முதல் சில குண்டுகளுக்கு மவுஸைக் கீழே இழுத்தால் அடங்கும். அதற்குப் பின் வேலரண்டில் துப்பாக்கி இடமும் வலமும் தன் போக்கில் ஆடுவதால் முழுவதுமாக அடக்க முயல்வது வீண். நெருக்கத்தில் மட்டும் அழுத்திப் பிடியுங்கள், தூரத்தில் ஒன்றிரண்டாகச் சுட்டு நிறுத்துங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மாறாத தடம் உண்டு. அதைச் சுவரில் சுட்டு மனப்பாடம் செய்யலாம், செய்யத்தான் வேண்டும்.

வாண்டலா, ஃபேன்டமா?

இரண்டும் ரைஃபிள்கள், விலை 2,900 கிரெடிட் (ஆட்டத்துக்குள் துப்பாக்கி வாங்கக் கிடைக்கும் பணம்). வாண்டலின் ஹெட்ஷாட் எந்தத் தூரத்திலும் 160 என்பதால் ஒரே குண்டில் ஆள் விழுவான். ஃபேன்டம் வேகமாகச் சுடும், 30 குண்டு கொள்ளும் (வாண்டலில் 25), சத்தம் குறைவு, ஸ்மோக் என்னும் புகைத்திரைக்குள் சுடும்போது குண்டின் கோடு காட்டிக்கொடுக்காது. ஆனால் தூரம் கூடினால் வலு குறைந்து, ஹெட்ஷாட் வாங்கிய எதிரியும் மயிரிழையில் தப்பிவிடுவான். தலையைக் குறிவைக்கும் பழக்கம் வர வேண்டும் என்பதற்காகப் புதியவர்களுக்கு வாண்டலையே தருகிறேன். இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை.

முதல்ல பார்த்தது நான், முதல்ல சுட்டது நான், செத்ததும் நான். இது எப்படி?

பாதி நேரம், முதலில் பார்த்ததாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். மூலையில் எட்டிப் பார்ப்பவர் தம் கணினியில் உடனே நகர்கிறார். அந்த நகர்வு சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் திரைக்கு வருவதற்குள் சில பத்து மில்லி வினாடிகள் கழிந்துவிடும். அந்த நேரத்தில் அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. எட்டிப் பார்ப்பவருக்கு உள்ள இந்த முந்துரிமை எல்லா இணையவழிச் சுடும் ஆட்டங்களிலும் உண்டு. பிங் (சர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம்) கூடக்கூட அதுவும் கூடும். ஆகவே ஒரே இடத்தில் ஒரே கோணத்தைக் காத்து நிற்பவர், ஒருமுறை சுட்ட பின் இடம் மாறிவிட வேண்டும்.

மறுபாதிக்குக் காரணம் வடிவியல். மூலையை ஒட்டி நீங்கள் நிற்கிறீர்கள், எதிரி அதே மூலையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே நகரும்போது, உங்கள் கண் அவனைக் காணும் முன்பே உங்கள் தோள் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. மூலையிலிருந்து இரண்டடி பின்வாங்கி, அங்கிருந்து வட்டமாக நகர்ந்து, ஒவ்வொரு கோணமாகத் திறந்து பாருங்கள். ஒரே அடியில் மூன்று இடங்களுக்கு முன்னால் போய் நிற்பவர், மூன்றில் எதைப் பார்ப்பது என்று முடிவெடுப்பதற்குள் பார்வையாளராகிவிடுகிறார்.

எந்த ஏஜென்ட்டை எடுக்கட்டும்? ஜெட் ஆடணும்னு ஆசை.

ஏஜென்ட்கள் நான்கு வகையினர்: முதலில் நுழையும் டூயலிஸ்ட், வழியைத் துழாவித் தரும் இனிஷியேட்டர், ஸ்மோக்கால் பார்வையை மறைக்கும் கன்ட்ரோலர், இடத்தைக் காக்கும் சென்டினல். ஜெட், ரெய்னா போன்ற டூயலிஸ்ட்களின் திறன்கள் பெரும்பாலும் அவர்களுக்கே பயன்படும். ரெய்னாவின் முக்கியத் திறன்களோ யாரையேனும் வீழ்த்தினால்தான் வேலை செய்யும். இன்னும் வீழ்த்தக் கற்காதவருக்கு அது பொருந்தாத தேர்வு.

பிரிம்ஸ்டோன் என்றால், மேப்பைத் திறந்து மூன்று இடங்களைச் சொடுக்கினால் மூன்று ஸ்மோக் இறங்கிவிடும். அடுத்த நொடியே நீங்கள் செத்தாலும் அணிக்கு ஒன்றைச் செய்துவிட்டுத்தான் செத்திருக்கிறீர்கள். சேஜின் சுவரும் சிகிச்சையும் அப்படியே. கில்ஜாயின் தானியங்கித் துப்பாக்கியும், அவர் உயிரோடு இருக்கும் வரை, அணிக்கு உதவும். இவர்களில் இருவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு மாதம் ஆடுங்கள். இருவர் எதற்கென்றால், ஒருவரை அணியில் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள்.

ஸ்மோக் போட்டாச்சு. அதுக்குள்ள நுழைஞ்சு வெளிய ஓடலாமா?

ஓடலாம், ஆனால் ஸ்மோக்கின் விளிம்பில் நின்றுவிடாதீர்கள். வெளியே வரும் உங்களுக்கு ஒன்றும் தெரியாத அதே நேரத்தில், காத்திருப்பவருக்கு உங்கள் துப்பாக்கியின் முனை முதலில் தெரியும். முழுதாகத் தாண்டிப் போங்கள், அல்லது உள்ளேயே நில்லுங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-இல் ஒரு கையெறி குண்டை வீசி ஸ்மோக்கைச் சில நொடிகள் விலக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையில காசு இருக்கு, ஆனா வாங்காதேன்னு திட்டுறாங்க. ஏன்?

கிரெடிட் உங்களுடையது என்றாலும் கணக்கு ஐவருக்கும் பொதுவானது. முதல் ரவுண்டில் ஒவ்வொருவருக்கும் 800. வென்றால் 3,000; தோற்றால் 1,900; தொடர்ந்து இரண்டாவது தோல்விக்கு 2,400; மூன்றாவதிலிருந்து 2,900. ஒரு கில்லுக்கு 200. முழுமையாக வாங்குவது என்றால் ரைஃபிள் 2,900, கனமான ஷீல்டு 1,000, ஆக 3,900. திறன்களுக்கு மேலும் சில நூறு.

முதல் ரவுண்டில் எல்லாவற்றையும் செலவிட்டுத் தோற்றீர்கள் என்று வையுங்கள், கையில் 1,900. இரண்டாவதில் எதையும் வாங்காமல் தோற்றால் 2,400 சேர்ந்து 4,300 ஆகும். மூன்றாவது ரவுண்டில் ரைஃபிள், ஷீல்டு, திறன் எல்லாம் கிடைக்கும். அதற்குப் பதிலாக இரண்டாவதில் 1,600 கொடுத்து ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்கித் தோற்றால், மூன்றாவதில் கையிருப்பு 2,700. வாண்டலோ ஃபேன்டமோ கிடையாது. நான்கு பேர் அவற்றோடு நிற்க, நீங்கள் மட்டும் மலிவான துப்பாக்கியோடு நிற்பீர்கள். திட்டியதன் காரணம் அதுதான்.

இருப்பதைக் கொண்டு எல்லாரும் சேர்ந்து துணிவதும் உண்டு, எல்லாரும் சேர்ந்து சேமிப்பதும் உண்டு. பிழையானது ஆளுக்கொரு பக்கம் போவது. வாங்கும் திரையிலேயே, தோற்றாலும் அடுத்த ரவுண்டில் உங்களிடம் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்ற எண் தெரியும். அது 3,900-க்குக் கீழே போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எனக்குத் தெரியாமலே பின்னால வந்து சுடுறாங்க. சத்தமே கேக்கலையே?

அவர்கள் ஷிஃப்ட் விசையை அழுத்தி நடந்து வந்தார்கள். நடந்தால் சத்தம் வராது, ஓடினால் வரும். உங்கள் காலடி மட்டும் அவர்களுக்குக் கேட்டிருக்கும். ஆனால் இதைப் புரிந்துகொண்டதும் புதியவர்கள் 100 வினாடியும் ஊர்ந்துகொண்டே இருப்பார்கள், அதுவும் தவறே. எதிரி அருகில் இல்லாத இடங்களில் ஓடுங்கள், சத்தம் கேட்கக்கூடிய எல்லையில் நடங்கள்.

ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்ஃபோன் வேண்டும். வேலரண்டின் ஒலி அமைப்பில் ஹெச்ஆர்டிஎஃப் என்ற தேர்வை இயக்கினால், காலடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெளிவாகும். அப்போது ஹெட்ஃபோனின் சொந்தச் சரவுண்ட் வசதியை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பிவிடும். பின்னணிப் பாட்டு கேட்டுக்கொண்டு ஆடுபவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, அவர்களே சில நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

மைக்ல பேச கூச்சமா இருக்கு. பேசினா என்ன சொல்றது?

எங்கே, எத்தனை பேர், என்ன நிலை. "ஏ மெயின், ரெண்டு பேர், ஜெட்டுக்கு 84 டேமேஜ்" என்றால் முழுச் செய்தியும் வந்துவிட்டது. "டேய் டேய், இங்கதான்டா, லோடா, லோ" என்பதில் உணர்ச்சி மட்டுமே இருக்கிறது. இடங்களின் பெயர்கள் மேப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். சிறு மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரைப் படித்துப் படித்துப் பழகலாம். மைக் வேண்டவே வேண்டாம் என்றால், பிங் விசையால் (முன்பு சொன்ன பிங் வேறு) இடத்தைக் குறியுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

இறந்தவுடன் உங்களைக் கொன்றவன் எங்கே இருந்தான் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுங்கள். தனியொருவராக மிஞ்சியவர் காலடிச் சத்தத்தைக் கேட்க முயலும்போது, இறந்த நால்வரும் அவருக்கு வழிகாட்டுவதைப் போன்ற கொடுமை இந்த ஆட்டத்தில் வேறில்லை. யாராவது வசை பாடினால் பதில் சொல்லாதீர்கள். அவருடைய ஒலியை அணைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

ட்ரேட், ட்ரேட்னு கத்துறாங்களே, அது என்ன?

உங்கள் முன்னால் போனவர் விழுந்த அடுத்த இரண்டு மூன்று நொடிகளில், அவரை வீழ்த்தியவனை நீங்கள் வீழ்த்துவது. கொன்றவனின் கிராஸ்ஹேர் அப்போதும் விழுந்தவர் நின்ற பக்கமே இருக்கும். அவன் இருக்கும் இடமும் தெரிந்துவிட்டது. இதைவிட எளிதான சண்டை கிடைக்காது. அதற்கு நீங்கள் அருகில் இருக்க வேண்டும். முன்னால் போகிறவரை ஒட்டிக்கொள்ளவும் கூடாது, ஒரே குண்டுமழையில் இருவரும் விழுவீர்கள். ஒரு மூலை பின்னால் நிற்கவும் கூடாது. அவர் நுழைந்ததும் ஒரு நொடிக்குள் நீங்களும் நுழைய முடிகிற தூரமே சரியான தூரம்.

ஸ்பைக் வச்சுட்டோம். இப்ப எதிரியைத் தேடிப் போகணுமா?

வேண்டாம். அதுவரை நேரம் காக்கும் அணியின் பக்கம் இருந்தது. வைத்த கணத்திலிருந்து அது உங்கள் பக்கம். 45 வினாடியில் 7 வினாடி டிஃப்யூஸுக்கு (செயலிழக்கச் செய்வதற்கு) போய்விடுவதால், வர வேண்டியவர்கள் அவர்கள். ஸ்பைக் தெரியும் இடத்தில், ஒருவரை ஒருவர் ட்ரேட் செய்யக்கூடிய தூரத்தில், வெவ்வேறு கோணங்களில் ஒளிந்து காத்திருங்கள். வெற்றி கையில் இருக்கும்போது இன்னொரு கில்லுக்கு ஆசைப்பட்டு வெளியே போய்த் தோற்ற ரவுண்டுகளை எண்ணினால் தூக்கம் வராது.

டிஃப்யூஸ் தொடங்கும் ஓசை கேட்டதும் பாய்ந்து வெளியே வராதீர்கள்; உங்களை வெளியே இழுப்பதற்காகத் தொட்டுவிட்டு விடுவது பழைய தந்திரம். ஆனால் வேலரண்டில் 3.5 வினாடியைக் கடந்துவிட்டால் பாதி டிஃப்யூஸ் பதிவாகிவிடும். பிறகு வந்து தொடர்ந்தால் மீதிப் பாதி போதும். ஆகவே ஓசை கேட்டதும் மனதுக்குள் எண்ணுங்கள். மூன்று வரை பொறுக்கலாம், அதற்கு மேல் பார்த்தே ஆக வேண்டும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் பாதிக் கணக்கு கிடையாது. விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் மட்டும்தான் உயிரோட இருக்கேன், எதிரில நாலு பேர். துப்பாக்கியைக் காப்பாத்திக்கிட்டு ஒளிஞ்சுக்கலாமா?

கிரெடிட் கணக்கில் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸ்பைக்கை வைக்காமல் நேரம் முடியும் வரை உயிரோடு இருந்த தாக்குபவருக்கும், ஸ்பைக் வெடித்த பின்னும் உயிரோடு இருந்த காப்பவருக்கும் தோல்வித் தொகை முழுமையாகக் கிடைக்காது, 1,000 மட்டுமே கிடைக்கும். ஆனால் 2,900 பெறுமான ரைஃபிளும் மீந்த ஷீல்டும் கையில் இருக்கும். ரைஃபிளோ ஆப்பரேட்டர் என்னும் ஸ்னைப்பர் துப்பாக்கியோ இருந்தால் காப்பாற்றுவது லாபம். 500 கிரெடிட் கைத்துப்பாக்கியைக் காப்பாற்றுவதற்காக ஒளிவது நட்டம். அப்போது போய் ஒருவனையாவது சாய்த்து, அவனுடைய ரைஃபிளுக்கான செலவை எதிரணியின் தலையில் கட்டுங்கள்.

ராங்க்டு எப்ப ஆடலாம்?

தரவரிசைக்காக ஆடும் ராங்க்டை, உங்கள் அக்கவுன்ட் 20-ஆவது நிலையை எட்டும் வரை ஆட்டமே அனுமதிக்காது. அதுவரை ஐந்து ரவுண்டு வென்றால் முடியும் ஸ்விஃப்ட்ப்ளே ஆடுங்கள். குறைந்த நேரத்தில் இரு பக்கமும் பழகலாம். எல்லா மேப்பிலும் சைட்களின் பெயரும் அங்கே போகும் வழிகளும் தெரிந்து, இரண்டு ஏஜென்ட்கள் கைவந்த பிறகு ராங்க்டுக்குப் போகலாம். அடித்தட்டான அயர்னில் தொடங்கினால் வெட்கப்பட வேண்டாம். அதிலிருந்து உச்சியில் உள்ள ரேடியன்ட் வரை ஒன்பது தட்டுகள். மேல்தட்டைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள்.

முப்பது கில் எடுத்தும் தோத்துட்டோம். டீம் சரியில்லைன்னா நான் என்ன செய்ய முடியும்?

சில ஆட்டங்களில் உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த முப்பதும் எப்போது வந்தவை என்று பாருங்கள். ஐந்து பேரும் நிற்கும்போது முதல் ஆளைச் சாய்த்தால் ரவுண்டு உங்கள் பக்கம் சாய்கிறது. நான்கு நண்பர்கள் விழுந்தபின், சைட்டைக் கைப்பற்றிவிட்டு அசட்டையாக நடந்து வரும் இருவரைச் சுட்டால் பட்டியலில் எண் கூடும், ரவுண்டு கிடைக்காது. நண்பர்கள் நுழையும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மேப்பின் மறுகோடியில் தனியாக ஒருவனுக்காகக் காத்திருந்தீர்கள் என்றால், அவர்களை ட்ரேட் செய்ய ஆளில்லாமல் போனதற்கு நீங்களும் ஒரு காரணம்.

ஒரு மாசமா அதே ராங்க். எங்க தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தோற்ற ஓர் ஆட்டத்தின் பதிவை எடுத்து, நீங்கள் இறந்த இடங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இறப்பதற்கு ஐந்து வினாடி முன்னால் நிறுத்தி, மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிராஸ்ஹேர் எங்கே இருந்தது, கால் நகர்ந்துகொண்டிருந்ததா, அருகில் ட்ரேட் செய்யக்கூடிய நண்பர் யார். சுட்ட விதத்தைப் பார்க்க வேண்டாம். அது பெரும்பாலும் விளைவுதான்.

அண்மையில் இப்படி ஒருவருடன் உட்கார்ந்து பார்த்தோம். எய்ம் சரியில்லை என்று வந்தவர். முதல் இறப்பில் அவர் கையில் துப்பாக்கியே இல்லை. வேகமாக ஓடுவதற்காகக் கத்தியை எடுத்துக்கொண்டு, எதிரி இருக்கக்கூடிய மூலையைத் தாண்டியிருந்தார். மூன்றாவதிலும் கத்தி, ஆறாவதிலும் கத்தி. இடையில் ஒருமுறை குண்டு தீராமலே, ஒரே ஒருவனைச் சுட்டதும் பழக்கதோஷத்தில் ரீலோடு செய்துகொண்டிருந்தார். "நான் சுடவே இல்லையே" என்றார். அந்த வாரம் அவருக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன்: ரவுண்டு தொடங்கும் ஸ்பான் இடத்தைவிட்டு வெளியேறி முதல் மூலை வந்ததும், துப்பாக்கியைக் கையில் எடுக்கும் '1' விசையை அழுத்த வேண்டும்.